வலப்பக்கம் சாய்ந்த பக்கி

சனிக்கிழமை சாயங்காலம் நான்கு சக்கரத்திலும் டேப் வைத்து அளந்தேன். முன் இடது 403, முன் வலது 400. பின் இடது 397, பின் வலது 393. எல்லாம் மில்லிமீட்டர், சக்கரத்தின் நடுவிலிருந்து நேர்மேலே மட்கார்டு விளிம்பு வரை. மூன்று மாதமாகத் தூக்கத்தைக் கெடுத்த 22 மில்லி சாய்வு இப்போது மூன்று, நான்கில் வந்து நிற்கிறது. இந்த வயசு வண்டிக்கு இது போதும். செய்த கிறுக்குத்தனமெல்லாம் மறந்துபோவதற்குள் எழுதி வைக்கிறேன்.

வண்டி என் மாமனாருடையது. 2001 மாடல் இசுசு கேபி, டீசல், ஒற்றைக் கேபின், தாழ்வான ரகம். தென்னாப்பிரிக்காவில் பிக்கப் வண்டிக்குப் பக்கி என்று பெயர். ஊரிலிருந்து டர்பனுக்கு வந்த புதிதில், "அப்பாவோட பக்கி வெளியே நிக்குது" என்று மனைவி சொன்னபோது யாரைத் திட்டுகிறாள் என்று வாசலை எட்டிப் பார்த்தேன். எங்கள் ஊரில் பக்கி என்றால் சோற்றைக் கண்டதும் பாய்கிறவன். இந்தப் பக்கியும் லேசுப்பட்டதில்லை. மணல், சிமெண்ட், கல்யாண வீட்டு அண்டா, தைப்பூசக் காவடிக்கு வாழைமரம் என்று இருபது வருஷத்துக்கு மேல் எதைக் கொடுத்தாலும் முதுகில் வாங்கியிருக்கிறது.

அதைத் தாழ்த்த வேண்டும் என்று ஆரம்பித்தது மச்சான். டர்பனில் நாங்கள் இருக்கும் சாட்ஸ்வர்த் பகுதிப் பையன்களுக்குத் தரையை நக்குகிற மாதிரி பக்கி இருந்தால்தான் மரியாதை. மாமா முதலில் முடியாது என்றார். மகன் ஒரு வாரம் சாப்பாட்டு மேசையில் வாய் திறக்காமல் இருந்ததும், "உன் அண்ணா செஞ்சா செய்யட்டும்" என்று என் தலையில் கட்டிவிட்டார். (இங்கே அக்கா புருஷனும் அண்ணாதான். அத்தான் என்று கூப்பிடச் சொல்லிப் பார்த்தேன், பையன் சிரித்துவிட்டான்.) ஊரில் லாரி ஒர்க்‌ஷாப்பில் நான்கு வருஷம் ஸ்பேனர் பிடித்தவன் என்பது என் தகுதி.

திட்டம் சின்னதுதான். முன்னால் டார்ஷன் பார், அதாவது சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாக நீளவாக்கில் படுத்திருக்கும் முறுக்குக் கம்பி. அதன் பின்முனையில் உள்ள அட்ஜஸ்டர் போல்ட்டைத் தளர்த்தினால் முன்பக்கம் இறங்கும். காசு செலவில்லை. பின்னால் பட்டை ஸ்பிரிங். ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவில் இரண்டு அங்குலக் கட்டை வைத்தால் பின்பக்கம் இறங்கும். எங்கள் வண்டியில் ஆக்சில் மேலே, பட்டை கீழே. அதனால்தான் கட்டை இறக்குகிறது. பட்டை ஆக்சிலுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் வண்டியில் இதே கட்டையை வைத்தால் வண்டி உயரும். வாங்குவதற்கு முன்னால் குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வேலை முடிந்தது. முன்னால் 40 மில்லி, பின்னால் 50. மச்சான் தெருமுனை வரை போய்த் திரும்பி வரும்போது எதிரே நின்று பார்த்தேன். வண்டி வலப்பக்கம் சாய்ந்து, இடுப்பில் குடம் வைத்த பெண்பிள்ளை மாதிரி வந்தது.

இறக்குவதற்கு முன்னால் நான் எதையும் அளக்கவில்லை. இந்தக் கதையின் எல்லாக் கோணலும் அதிலிருந்து வந்தது.

முதல் அளவு எங்கள் டிரைவ்வேயில். சாட்ஸ்வர்த்தில் வீடுகளெல்லாம் மேட்டை வெட்டிக் கட்டியவை. தெருவிலிருந்து வீட்டுக்கு ஏறுகிற கான்கிரீட் எந்தப் பக்கம் சரிகிறது என்று அதற்கே தெரியாது. இடது வலது வித்தியாசம் 15 மில்லி என்று வந்தது. தரைமேல் சந்தேகம் வந்து கொத்தனார் வேலைக்கு இறங்கினேன். பத்து மீட்டர் கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் டியூப் வாங்கித் தண்ணீர் நிரப்பி, குமிழி இல்லாமல் தட்டிவிட்டு, நான்கு சக்கரம் நிற்கும் இடத்திலும் டியூப் மட்டம் பார்த்தேன். மூன்று இடம் ஏறக்குறைய ஒரே மட்டம். பின் இடது மட்டும் 14 மில்லி பள்ளம். அந்த இடத்தில் பழைய பிளைவுட் துண்டுகளை அடுக்கி மட்டமாக்கி வண்டியை ஏற்றினேன். சாய்வு 15லிருந்து 22 ஆனது! இடது பக்கப் பள்ளம் இத்தனை நேரம் வலது பக்கச் சாய்வை மறைத்துக்கொண்டு இருந்திருக்கிறது.

தரையிலிருந்து மட்கார்டுக்கு அளந்தால் டயர் காற்றும் டயர் தேய்மானமும் அளவுக்குள் புகுந்துவிடும். சக்கர நடுவிலிருந்து அளந்தால் அந்தத் தொல்லை குறைவு. இன்னொன்று, ஜாக்கியிலிருந்து இறக்கிய வண்டி உடனே தன் உயரத்துக்கு வராது. தொங்கும்போது டயர்கள் கொஞ்சம் உள்ளே ஒடுங்கியிருக்கும். இறக்கினாலும் தரையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கும். முன்னும் பின்னுமாக ஒரு வண்டி நீளம் உருட்டி, ஒவ்வொரு மூலையையும் மூன்று தடவை அமுக்கி விட்ட பிறகுதான் அளவு. உருட்டாமல் எடுத்த அளவும் உருட்டிய பிறகு எடுத்த அளவும் ஒரே சக்கரத்தில் 8 மில்லி வரை வேறுபட்டதை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். முதல் வாரம் உருட்டாமல் எடுத்த அளவுகள் எல்லாம் குப்பை.

அடுத்து புஷ், அதாவது மூட்டுகளில் போல்ட்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம். பட்டையின் முனை வளையத்தில் (கண்) நுழையும் கண் போல்ட், பட்டையின் மறுமுனையைச் சட்டத்தோடு சேர்க்கும் ஷாக்கிளின் போல்ட், முன்பக்கக் கீழ்க்கை போல்ட் எல்லாவற்றையும் நான் வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கிவிட்டிருந்தேன். ரப்பர் புஷ் சுழலாது, முறுகும். தொங்குகிற நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் உட்காரும்போது புஷ் முறுகிக்கொண்டே நின்று ஒரு சின்ன ஸ்பிரிங் வேலை பார்க்கும். வண்டியை நான்கு சக்கரத்தில் நிற்க வைத்துப் போல்ட்டுகளைத் தளர்த்தினேன். பின் வலது ஷாக்கிளில் 'டக்' என்று ஒரு சத்தம். ஷாக்கிள் புஷ் நான்கும் பிய்ந்திருந்ததால் 760 ராண்டுக்கு (தென்னாப்பிரிக்கக் காசு) புதிதாக வாங்கிப் போட்டு, நிற்கிற உயரத்திலேயே இறுக்கினேன். 22 மில்லி 19 ஆனது. மூன்று மில்லிக்கு ஒரு சனிக்கிழமை.

அப்புறம் செய்ததுதான் பெரிய தப்பு. மாமா இருபது வருஷமாகத் தனியாக ஓட்டிய வண்டி, டிரைவர் சீட் வலது பக்கம், மாமாவும் கொஞ்சம் கனமான ஆள். ஆகவே வலது டார்ஷன் பார் சோர்ந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். முன் சக்கரத்தைத் தூக்கித் தொங்கவிட்டு அட்ஜஸ்டர் போல்ட்டைத் தேடினால் துரு. டர்பன் கடல் காற்று வண்டிக்கு அடியில் என்ன செய்யும் என்று தெரிய வேண்டுமானால் அந்தப் போல்ட்டைப் பார்க்க வேண்டும். ஒயர் பிரஷ் போட்டுத் தேய்த்து, துரு இளக்கும் ஆயிலை ராத்திரி முழுக்க ஊறவிட்டேன். காலையில் மரைக்கு கிரீஸ் தடவி, சாக்பீஸால் தலையில் ஒரு கோடு இழுத்துத் திருப்பினேன். (சக்கரம் தரையில் இருக்கும்போது திருப்பவே கூடாது. அந்தப் போல்ட் மேல் வண்டியின் பாரமே நிற்கிறது; மரை உருவிக்கொண்டு போகும்.) நான்கு சுற்று. இறக்கி, உருட்டி, அமுக்கி அளந்தால் முன்னால் வித்தியாசம் 4, பின்னால் 5. பின்பக்கமும் தானாக நிமிர்ந்துவிட்டது!

மச்சான் இரண்டு பன்னி சாவ் (ரொட்டியைக் குடைந்து கறிக்குழம்பு ஊற்றியது) வாங்கி வந்தான். வெற்றியைக் கொண்டாடி, மறுநாள் வீல் அலைன்மெண்டும் செய்தாயிற்று, 480 ராண்ட்.

பின்பக்கம் தானாக ஏன் நிமிர்ந்தது என்று அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். சேசிஸ் ஒரே கட்டு. முன்னால் ஒரு மூலையைத் தூக்கினால் பின்னாலும் அந்தப் பக்கம் எழும்பும். அப்படியானால் பின்னால் ஒரு மூலை இறங்கினாலும் முன்னால் அந்தப் பக்கம் இறங்கத்தானே செய்யும்? சாய்வைப் பார்த்து எந்த மூலை குற்றவாளி என்று சொல்லவே முடியாது. இது இப்போது எழுதும்போது சுலபமாக வருகிறது.

பத்து நாளில் இரண்டு விஷயம் நடந்தது. ஹிகின்சன் ஹைவேயிலிருந்து இறங்கும் சரிவில், மழை தூறிக்கொண்டிருக்க, ரோபோ சிவப்பானதும் பிரேக் மிதித்தேன். (இங்கே சிக்னல் விளக்குக்கு ரோபோ என்று பெயர், முதல் வாரம் நான் நிஜமாகவே தேடினேன்.) முன் இடது டயர் மட்டும் கீச்சென்று வழுக்கியது. வலது ஒழுங்காகப் பிடித்தது. பிரேக்கைத்தான் சந்தேகப்பட்டேன், திறந்து பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, குறை ஒன்றுமில்லை.

இரண்டாவது, மாமா எட்டு மூட்டை சிமெண்ட் ஏற்றி வந்தார். மூட்டைக்கு 50 கிலோ, மொத்தம் 400. நடுவில்தான் அடுக்கியிருந்தார். வண்டி பழையபடி வலப்பக்கம் சாய்ந்து நின்றது. அளந்தேன்: பின் வலது, பின் இடதைவிட 31 மில்லி கீழே. வெறும் வண்டியில் சமம், சுமை ஏற்றினால் சாய்வு. முன்னால் கம்பி சோர்ந்திருந்தால் பின்னால் ஏற்றிய சுமைக்கு இப்படி ஆகாது.

ஒரு ஸ்பிரிங் பட்டறைக்குப் போனேன். அங்கே இருந்த பெரியவர் வண்டியைப் பார்க்கவே இல்லை. முதலில், "அட்ஜஸ்டர்ல மரை எவ்ளோ வெளியே நிக்குது, ரெண்டு பக்கமும்?" என்று கேட்டார். வெர்னியரில் அளந்து வரச் சொன்னார். இடது 30 மில்லி, வலது 37. கொஞ்சம் வித்தியாசம் எந்த வண்டியிலும் இருக்கும், இவ்வளவு இருந்தால் முன்பக்கம் யாருக்காகவோ பொய் சொல்கிறது என்றார். அவர் பேச்சு பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். அதில் "பின்னாலே பாத்தியா தம்பி?" என்பது மட்டும் சுத்தத் தமிழ்.

அவர் சொல்லிக்கொடுத்த சோதனைக்கு ஒரு டிராலி ஜாக்கி போதும். முன் குறுக்குச் சட்டத்தின் சரியான நடுவில் ஜாக்கி வைத்து, முன் சக்கரம் இரண்டும் தரையை விடும் வரை தூக்க வேண்டும். இப்போது முன்பக்கம் வெறும் ஒற்றைப் புள்ளி. அது வண்டியை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளாது. வண்டி எப்படிச் சாய்கிறதோ அது பின் ஸ்பிரிங்குகளின் சொந்தப் புத்தி. பிறகு பின்னால் டோபார் (டிரெய்லர் மாட்டும் சட்டம்) நடுவில் தூக்கினால் முன்பக்கத்தின் சொந்தப் புத்தி தெரியும். தரையில் நிற்கிற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தே ஆக வேண்டும். வண்டி ஒரு புள்ளியில் ஆடுவதால் யாரும் அடியில் போகக்கூடாது. அளவெல்லாம் வெளியில் நின்றபடிதான்.

முன்னால் தூக்கியபோது பின்பக்கம் வலது 40 மில்லி தாழ்வு. பின்னால் தூக்கியபோது முன்பக்கம் வலது 20 மில்லி உயரம். அந்த 20 நான் கொடுத்த நான்கு சுற்று. பின்னால் ஒரு கோணலை வைத்துக்கொண்டு, அதற்கு எதிராக முன்னால் இன்னொரு கோணலை வைத்து, இரண்டும் ஒன்றையொன்று முறுக்கிப் பிடித்துக்கொண்டதால் டேப்பில் மட்டம் வந்திருக்கிறது. நார்க்கட்டிலில் பின் கால் ஒன்று குட்டை என்றால், பக்கத்து முன் காலுக்கு அட்டை வைத்த மாதிரி. கட்டில் மட்டமாகத் தெரியும். ஆனால் ஆளின் பாரம் குறுக்கே இரண்டு காலில்தான் இறங்கும். எங்கள் வண்டியில் அது முன் வலதும் பின் இடதும். பாரம் குறைந்த முன் இடது டயர் மழையில் ஏன் வழுக்கியது என்பதற்கும் அதுவே பதில்.

பின் வலது ஸ்பிரிங்கைக் கழற்றினேன். சேசிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்சிலுக்கு ஜாக்கி கொடுத்து, ஆக்சிலையும் பட்டையையும் சேர்த்துக் கட்டும் யூ போல்ட்டின் நான்கு நட்டையும் எடுத்து, கண் போல்ட்டைத் தட்டி உருவி, கட்டை வேறு, பட்டை வேறாகத் தரையில் இறக்கினேன். கட்டை ஒழுங்காகத்தான் இருந்தது. பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டின் தலை அதன் குழிக்குள் சரியாக உட்கார்ந்திருந்தது. அதைத்தான் முதலில் சந்தேகப்பட்டிருந்தேன். குழியில் பெயிண்ட் கட்டி அடைத்துக்கொண்டு தலை இறங்காமல் நிற்பது உண்டு. சென்டர் போல்ட்டை அறுத்துப் பட்டைகளைப் பிரித்தேன். மேல் பட்டை வந்தது. இரண்டாம் பட்டை வரும்போது கையில் பாதிதான் வந்தது.

சென்டர் போல்ட் துளையில் சரியாக இரண்டாக முறிந்திருந்தது. மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை, சுற்றி யூ போல்ட், அதற்கு மேல் இருபது வருஷச் சேறு. வெளியில் மயிரிழைக் கோடு மட்டும். கட்டை போட்ட அன்றைக்கு அந்தக் கோட்டின் மேலேயே துணி போட்டுத் துடைத்திருக்கிறேன். முறிந்த முகத்தைத் திருப்பிப் பார்த்தேன். நேற்று உடைந்ததென்றால் வெள்ளி மாதிரி மின்னும். இது முழுக்கக் காப்பித்தூள் நிறம். விரலால் தேய்த்தால் பொடி வந்தது. விளிம்புகள் ஒன்றோடொன்று உரசி மழுங்கியிருந்தன. நாங்கள் தாழ்த்தியதால் உடைந்ததில்லை. எப்போதோ உடைந்து, உடைந்தபடியே சுமந்துகொண்டிருந்திருக்கிறது.

ஒரு பக்கம் மட்டும் சரிசெய்தால் புதிய வலது பக்கம் பழைய இடது பக்கத்தைவிட விறைப்பாகிச் சாய்வு மறுபக்கம் போய்விடும். இரண்டு ஸ்பிரிங்கையும் பட்டறையில் கொடுத்தேன். இரண்டாம் பட்டை இரண்டு பக்கமும் புதிது, மற்றப் பட்டைகளுக்கு வளைவு ஏற்றி, சென்டர் போல்ட் புதிது. ஜோடிக்கு 2400 ராண்ட். இரண்டையும் சிமெண்ட் தரையில் பக்கத்தில் பக்கத்தில் கவிழ்த்து வைத்து, கண்ணிலிருந்து கண்ணுக்கு நூல் கட்டி, நடு உயரம் பார்த்தேன். 2 மில்லிக்குள் இருந்தது. அதன் பிறகே காசு கொடுத்தேன்.

யூ போல்ட் மறுபடி புதிதாக வாங்கினேன். முதல் செட் மூன்று மாதம்தான் ஆகியிருந்தது, மனசு வரவில்லை. ஆனால் ஒரு தடவை இழுத்து இறுக்கிய யூ போல்ட் நீண்டிருக்கும், அதைத் திரும்ப நம்பக்கூடாது என்று ஊர் ஒர்க்‌ஷாப்பில் வாங்கிய அடி இன்னும் நினைவிருக்கிறது. நான்கு நட்டையும் குறுக்கும் மறுக்குமாக, மூன்று தவணையில் டார்க் ரெஞ்சு வைத்து இறுக்கினேன். புஷ் போல்ட்டுகள் இந்தத் தடவை வண்டி தரையில் நின்ற பிறகு.

முன்னால் என் நான்கு சுற்றையும் அப்படியே திருப்பிக் கழித்தேன். இறக்கி, உருட்டி, அமுக்கி அளந்ததில் வலது 8 மில்லி தாழ்வு. மாமாவின் இருபது வருஷத்துக்கு உரிய பங்கு இவ்வளவுதான் போல. வலதில் ஒரு சுற்று ஏற்றியதும் மேலே எழுதிய அளவுகள் வந்தன. ஜாக்கிச் சோதனையை மறுபடி செய்தேன்: பின்பக்கம் தனியாக 5, முன்பக்கம் தனியாக 3. சிமெண்ட் கிடைக்கவில்லை, மச்சானையும் அவன் கூட்டாளிகள் நான்கு பேரையும் பின்னால் நடுவில் உட்கார வைத்து அளந்தேன். வித்தியாசம் 6. உயரம் முடிவான பிறகு செய்ய வேண்டிய அலைன்மெண்டை முன்பே செய்ததால் மறுபடி ஒரு 480.

கணக்கு: கட்டை 580, யூ போல்ட் இரண்டு செட் 1280, புஷ் 760, அலைன்மெண்ட் இரண்டு தடவை 960, ஸ்பிரிங் 2400, ஆயில், கிரீஸ், டியூப் எல்லாம் 150. மொத்தம் 6130 ராண்ட். முதலிலேயே ஸ்பிரிங்கைப் பிரித்திருந்தால் ஒரு யூ போல்ட் செட்டும் ஒரு அலைன்மெண்டும், 1120, மிச்சம்.

இன்னொரு வண்டி கையில் வந்தால் ஸ்பேனர் எடுப்பதற்கு முன்னால் நான்கு மூலை அளவும் அட்ஜஸ்டர் மரை நீளமும் நோட்டில் ஏறும். ஜாக்கிச் சோதனையும் அப்போதே, இறக்குவதற்கு முன்னால். முன்னால் 40க்குப் பதில் 30 போதும் என்று இப்போது தோன்றுகிறது. சாட்ஸ்வர்த்தில் தெருவுக்குத் தெரு வேகத்தடை, அதிலும் எங்கள் பள்ளிக்கூடம் பக்கத்துத் தடை ஒரு சின்ன மலை. பின்னால் ஆக்சில் சேசிஸுக்கு இரண்டு அங்குலம் நெருங்கிவிட்டதால் சுமை ஏற்றினால் இடி தாங்க வைத்திருக்கும் பம்ப் ரப்பரில் ஆக்சில் இடிக்கிறது. ஆகவே இனி எட்டு மூட்டை கிடையாது, ஐந்துதான். மாமா இதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

மனைவி போன வாரம் பழைய போட்டோ ஒன்றைக் காட்டினாள். 2017 தைப்பூசம். கோயில் வாசலில் பக்கி, பின்னால் தண்ணீர் டிரம், பக்கத்தில் மஞ்சள் வேட்டியில் மாமா. பின்கதவின் மேல்விளிம்பையும் கோயில் சுவரின் டைல்ஸ் வரிசையையும் சேர்த்துப் பாருங்கள் என்று மச்சானிடம் போனை நீட்டினேன். வலப்பக்கம் இறங்கியிருந்தது. மாமா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "அந்த வருஷம் பின் சுவருக்குச் செங்கல் ஏத்தினேன். ஸ்பீட் ஹம்ப்ல டங்குன்னு ஒரு சத்தம். ஜாக்கிதான் உருண்டுச்சுன்னு நெனச்சேன்" என்றார்.

நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி இறுக்க வேண்டும். இன்று காலை வரை 62.